சிங்கப்பூரில் கலையும் இயற்கையும்: கண்காட்சிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரே மாதிரி கேள்விகளாக வரும். பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளைகளின் தோழர்களுடைய அம்மாக்கள், ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்தவர்கள் என்று எல்லாருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துப்போய்த்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பவை, கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஜூ, கார்டன்ஸ் பை த பே இதெல்லாம் பார்த்தாச்சு. இயற்கையைப் பற்றின கண்காட்சி வேற எங்க இருக்கு?

நிறைய இருக்கிறது, ஆனால் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருக்காது. கென்ட் ரிட்ஜில், தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில், லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில் தேசிய அரும்பொருளகம். பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து 2015 நவம்பரில் தேசியக் கலைக்கூடமாகத் திறந்தன, விலங்குகளும் காடும் அங்கே எண்ணெய் ஓவியத்தில் இருக்கின்றன. மரினா பேயில் தாமரை மாதிரி இருக்கும் ஆர்ட்சயின்ஸ் மியூசியம். தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில், சரக்குக் கிடங்குகளுக்கு நடுவே, சிங்கப்பூர் கலை அரும்பொருளகம்.

எனக்கு மிகவும் பிடித்தது பூமலைதான். நம் பெரியவர்கள் அப்படிச் சொல்வார்களே, அதே பொட்டானிக் கார்டன்ஸ். அங்கே ஃபேரர் ரோடு பக்கமாக உள்ள கேலப் பகுதியில் தாவர ஓவியங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புல்தரையில் பாய் விரிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எல்லாம் காசு கட்டித்தான் உள்ள போகணுமா?

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசிய அரும்பொருளகத்தின் நிரந்தரக் காட்சிகள் 2013 மே மாதத்திலிருந்து இலவசம். தேசியக் கலைக்கூடத்திலும் பொது அனுமதி இலவசம், சிறப்புக் கண்காட்சி என்றால் பெரும்பாலும் டிக்கெட் உண்டு. கேலப் பகுதிக்கு யாருக்குமே கட்டணம் இல்லை, வேலை அனுமதியில் இருப்பவர்கள், சுற்றிப்பார்க்க வந்த அப்பா அம்மா எல்லாரும் தாராளமாகப் போகலாம். லீ கோங் சியானுக்கும் ஆர்ட்சயின்ஸுக்கும் டிக்கெட் வேண்டும், உள்ளூர்க்காரர்களுக்கு விலை குறைவு.

18 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அரசு கொடுத்த 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எஸ்ஜி கல்ச்சர் பாஸ் கைத்தொலைபேசியில் தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். 2028 இறுதி வரை செல்லும். ஆனால் உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்குத்தான் அது. வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாக் கண்காட்சிக்கும் ஏற்கமாட்டார்கள், பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஓவியம்னா ஒண்ணும் புரியாது. போய் நின்னு என்ன பண்றது?

புரிய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. தேசியக் கலைக்கூடத்தின் தென்கிழக்காசியப் பகுதியில் ஜாவாவைச் சேர்ந்த ராடன் சாலே 1849இல் வரைந்த காட்டுத்தீ ஓவியம் இருக்கிறது. உயரம் 3 மீட்டர், அகலம் ஏறத்தாழ 4 மீட்டர். தீ துரத்த, புலியும் மானும் எருமையும் ஒன்றையொன்று கவனிக்கக்கூட நேரமில்லாமல் ஒரு பாறை விளிம்புக்கு ஓடி வந்து நிற்கின்றன. அதன் எதிரே ஐந்து நிமிடம் நில்லுங்கள், ஒவ்வொரு விலங்கின் கண்ணையும் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒன்றும் புரியவில்லை என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அப்புறம் பலகையைப் படியுங்கள். முதலிலேயே படித்தால் பலகையை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். எந்தப் படமானாலும் நான் கேட்டுக்கொள்வது மூன்றே விஷயம்: இதை யார் செய்தது, யார் செய்யச் சொன்னது, இது எப்படி இங்கே வந்து சேர்ந்தது? ராடன் சாலே நெடுநாள் ஐரோப்பாவில் இருந்து கற்றவர், இந்த ஓவியம் 1850இல் நெதர்லாந்து மன்னருக்குப் பரிசாகப் போனது. காலனி நாட்டிலிருந்து வந்த ஓவியர் ஒருவர், தம் மண்ணை ஆண்ட மன்னருக்கு, தீயில் மாட்டிக்கொண்ட விலங்குகளை வரைந்து கொடுத்திருக்கிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது உங்கள் பாடு.

பையனுக்கு டைனோசர் மட்டும்தான் வேணும். லீ கோங் சியான்ல இருக்கிறது நிஜ எலும்பா, பிளாஸ்டிக்கா?

நிஜம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தோண்டி எடுத்த மூன்று நீள்கழுத்து டைனோசர்கள், பெயர் பிரின்ஸ், அப்பலோனியா, ட்விங்கி. ட்விங்கிதான் குட்டி. எலும்புக்கூடு ஏறத்தாழ 80 சதவீதம் முழுமையானது, கிடைக்காத எலும்புகளுக்கு மட்டும் வார்ப்பு செய்து சேர்த்திருக்கிறார்கள். விலை சுமார் 8 மில்லியன் வெள்ளி. சிங்கப்பூரில் டைனோசர் கிடைத்ததா என்று பையன் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

2015இல் இந்த இடம் திறந்தபோது இவ்வளவு காசு கொடுத்து அமெரிக்க எலும்பு எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் டைனோசருக்காக வருகிற பிள்ளை போகிற வழியில் நம் ஊர் நண்டையும் பாம்பையும் பார்த்துவிட்டுத்தானே போகிறது. தொகுப்பில் ஒரு மில்லியனுக்கும் மேல் மாதிரிகள் இருக்கின்றன, காட்சிக்கு வைத்திருப்பது இரண்டாயிரம் சொச்சம்தான்.

நான் சின்ன வயசில ஸ்டாம்ஃபோர்டு ரோடு மியூசியத்தில ஒரு பெரிய திமிங்கல எலும்பைப் பார்த்தேன். அதானே இப்ப லீ கோங் சியான்ல இருக்கு?

இல்லை ஐயா, அது வேறு திமிங்கலம். அறுபது வயதைத் தாண்டிய யாரை அழைத்துப்போனாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். நீங்கள் பார்த்தது 1892இல் மலாக்கா பக்கம் கரை ஒதுங்கிய திமிங்கலம், சுமார் 13 மீட்டர் நீளம். இன்றைய தேசிய அரும்பொருளகம் அப்போது ராஃபிள்ஸ் மியூசியம், அந்தக் கட்டடம் 1887இல் வந்தது. திமிங்கல எலும்பு அங்கே 1907இலிருந்து தொங்கியது. 1970களில் அந்த மியூசியம் வரலாற்றின் பக்கம் திரும்பியதும் விலங்குகளுக்கு இடமில்லாமல் போனது. 1974இல் திமிங்கலத்தைக் கோலாலம்பூரின் முஸியம் நெகாராவுக்குக் கொடுத்துவிட்டார்கள், அங்கிருந்து அது லாபுவான் தீவிலுள்ள கடல்சார் மியூசியத்துக்குப் போய்விட்டது. பார்க்க வேண்டுமென்றால் லாபுவானுக்கு டிக்கெட் எடுங்கள், அங்கேயே இருக்கிறது.

மற்ற விலங்குகளின் கதை இன்னும் பாவம். பதப்படுத்திய பறவைகளும் கண்ணாடிக் குப்பிகளும் வருடக்கணக்கில் இடம் மாறி இடம் மாறி அலைந்தன. பல்கலைக்கழக ஆட்கள் சிலர் விடாப்பிடியாகக் காப்பாற்றியதால்தான் இன்று லீ கோங் சியான் என்ற ஒன்று இருக்கிறது. பிறகு நன்கொடை திரட்டினார்கள், லீ அறநிறுவனம் மட்டும் 25 மில்லியன் வெள்ளி கொடுத்தது.

இப்போது அங்கே இருப்பது ஜூபி லீ, 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் எண்ணெய்த் திமிங்கலம். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்தது. நாட்டின் 50ஆவது ஆண்டு என்பதால் ஜூபிலி, கூடவே லீ, அப்படி வந்த பெயர். முதுகில் கப்பல் மோதிய பெரிய வெட்டு. வயிற்றில் கணவாயின் அலகுகளும் பிளாஸ்டிக் குப்பையும் இருந்தன.

தேசிய அரும்பொருளகத்தில ஃபார்குவார் ஓவியங்கள்னு சொல்றாங்களே, அவரா வரைஞ்சார்?

அவர் வரையவில்லை, காசு கொடுத்து வரைய வைத்தார். வில்லியம் ஃபார்குவார் மலாக்காவில் அதிகாரியாக இருந்தவர், பிறகு 1819 முதல் 1823 வரை சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட், அதாவது ஆங்கிலேயர் வைத்த நிர்வாகி. அவர் வரைய வைத்தவற்றில் நமக்குக் கிடைத்திருப்பவை 477 நீர்வண்ண ஓவியங்கள்: தப்பிர் (பன்றி மாதிரி உடம்பும் குட்டித் தும்பிக்கையும் உள்ள காட்டு விலங்கு), எறும்புண்ணி, பறவை, மீன், பழம், பூ என்று. வரைந்தவர்கள் மலாக்காவிலிருந்த சீன ஓவியர்கள் என்று கருதுகிறார்கள். ஒருவருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. சேகரித்தவர் பெயர் தொகுப்புக்கே வந்துவிட்டது, தூரிகை பிடித்தவர் பெயர் எங்கேயும் இல்லை. மேலே மூன்று கேள்விகள் சொன்னேனே, முதல் கேள்வியே இங்கே பதில் இல்லாமல் நிற்கிறது.

ஆனால் ஓவியத்தைப் பார்த்தால் அவர்களுடைய கை தெரியும். விலங்கு ஐரோப்பிய விஞ்ஞானிக்காகப் பக்கவாட்டில், அளவெடுத்த மாதிரி நிற்கும். அதன் காலடியிலுள்ள பாறையும் புல்லும் சீன நிலக்காட்சி ஓவியத்திலிருந்து நேராக இறங்கி வந்தவை. பலவற்றில் மலாய்ப் பெயரை ஜாவி எழுத்தில் (மலாய் மொழிக்குப் பயன்படும் அரபு எழுத்து) எழுதியிருக்கிறார்கள், அதாவது அந்த உயிரினத்தை அடையாளம் காட்டி, பெயர் சொன்ன உள்ளூர்க்காரர் ஒருவர் அதற்குப் பின்னால் இருக்கிறார்.

ஃபார்குவாருக்கும் ஏமாற்றம் உண்டு. மலாயாத் தப்பிரைப் பற்றி 1816இலேயே கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்துக்கு எழுதினார், ஆனால் 1819இல் அறிவியல் பெயர் வைத்த பெருமை பிரெஞ்சுக்காரர்களுக்குப் போனது. ஓவியங்கள் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியிடம் கிடந்தன. 1993இல் ஏலத்துக்கு வந்தபோது சிங்கப்பூர்ப் பங்குத் தரகர் கோ கியோக் கிம் சுமார் 3 மில்லியன் வெள்ளிக்கு வாங்கி, பிறகு நாட்டுக்கே கொடுத்துவிட்டார்.

ஏன் உள்ள அவ்வளவு இருட்டு? கண்ணே தெரியல. போன தடவை பார்த்த படம் இந்தத் தடவை காணோம் வேற.

இரண்டுக்கும் ஒரே காரணம். காகிதத்தில் நீர்வண்ணம் என்பது வெளிச்சத்தில் மங்கிக்கொண்டே போகும், போன நிறம் திரும்பாது. அதனால் ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் விளக்கு வைப்பார்கள். நீங்கள் வேலை செய்யும் அலுவலகத்தில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். எண்ணெய் ஓவியம் கொஞ்சம் தாங்கும், 200 வரை போகலாம், அதனால்தான் காட்டுத்தீ ஓவியம் உள்ள அறை அவ்வளவு இருட்டாகத் தெரிவதில்லை.

விளக்கைக் குறைத்தால் மட்டும் போதாது, காட்டும் நாட்களையும் குறைக்க வேண்டும். கொஞ்ச மாதம் சுவரில், பிறகு நெடுநாள் இருட்டுப் பெட்டியில். 477 படங்களையும் ஒரே நேரத்தில் காட்டாமல் சிலவற்றை மாற்றி மாற்றி வைப்பதற்கு அதுதான் காரணம். உள்ளே குளிராக வைத்திருப்பதும் காகிதத்துக்காகத்தான்: நம் ஊர் ஈரப்பதத்தில் காகிதம் பூஞ்சை பிடித்துவிடும். உள்ளே போனதும் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும். சால்வை ஒன்று பையில் இருக்கட்டும்.

போட்டோ எடுக்கலாமா? பிள்ளைங்க வரையலாமா?

ஃபிளாஷ் இல்லாமல் பெரும்பாலான இடங்களில் எடுக்கலாம், இரவல் வாங்கி வைத்த படங்களுக்குத் தடை இருக்கலாம், பலகையைப் பாருங்கள். வரையலாம், ஆனால் பென்சில் மட்டும். பேனாவும் மார்க்கரும் பையை விட்டு வெளியே வரக்கூடாது.

பூமலையில பூ இருக்கு, செடி இருக்கு. அப்புறம் எதுக்கு செடியோட படத்தைப் பார்க்கப் போகணும்? போட்டோவே இருக்கே!

நல்ல கேள்வி, கோபமாகக் கேட்டாலும். பூமலையின் தாவரக் காப்பகத்தில் ஏறத்தாழ 750,000 உலர்ந்த செடிகள் இருக்கின்றன. செடியை அழுத்திக் காயவைத்தால் வடிவம் நிற்கும், நிறம் போய்விடும், ஆர்க்கிட் பூ பழுப்புக் காகிதமாகிவிடும். அதனால் பறித்த அன்றே நிறத்தைப் பிடித்து வைக்க ஓவியர் தேவைப்பட்டார். நூறு வருஷத்துக்கு முன் ரிட்லி என்பவர் பூமலையின் இயக்குநராக இருந்த காலத்தில் இலங்கையிலிருந்து வந்த டி அல்விஸ் குடும்பத்தார் அந்த வேலையைச் செய்தார்கள். பின்னால் ஜுராய்மி சம்சூரி என்ற ஓவியர் பல ஆண்டுகள் வரைந்தார்.

புகைப்படம் ஒரு செடியை ஒரு கணத்தில் காட்டும். தாவர ஓவியம் மொட்டு, விரிந்த பூ, காய், விதை, பூவைக் குறுக்கே வெட்டினால் தெரிவது எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்டும், இலையைப் பூச்சி தின்ற ஓட்டையை விட்டுவிடும். இன்றைக்கும் புது இனம் ஒன்றை அறிவிக்கும்போது கோட்டோவியம் கேட்கிறார்கள் என்றால் சும்மாவா?

கேலப் பகுதி 2021 மார்ச்சில் திறந்தது. இரண்டு பழைய கறுப்பு வெள்ளை பங்களாக்கள், இரண்டையும் வடிவமைத்தவர் ராஃபிள்ஸ் ஹோட்டலைக் கட்டிய பிட்வெல். அட்பாரா என்ற பங்களாவில் காடு பற்றிய காட்சி, இன்வர்டரட் என்ற பங்களாவில் தாவர ஓவியங்கள். காலை பத்து மணிக்குள் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அதே செடியைத் தேடுங்கள், பிள்ளைகள் இதில் நம்மைத் தோற்கடிப்பார்கள்.

அந்த லைட் ஷோ மாதிரி வருதே, சுவர் முழுக்க பூ, தொட்டா வண்ணத்துப்பூச்சி. அது இயற்கைக் கண்காட்சியா?

ஆர்ட்சயின்ஸில் ஜப்பானின் டீம்லேப் குழு 2016இல் தொடங்கியதைச் சொல்கிறீர்கள். அழகாக இருக்கும், பிள்ளைகள் வெளியே வரமாட்டேன் என்பார்கள். என் கருத்து: அது ஒளி பற்றிய கண்காட்சி, பூ அதற்கு ஒரு சாக்கு. அங்கே பார்த்த பூவின் பெயர் என்ன என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

அதே குழு தேசிய அரும்பொருளகத்தின் கண்ணாடிக் கூடத்தில் 2016 இறுதியில் தொடங்கிய இன்னொன்று கொஞ்சம் வேறு. ஃபார்குவார் ஓவியங்களில் 69ஐ எடுத்து அந்த விலங்குகளைச் சுவரில் நடக்கவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு மூல ஓவியத்தைத் தேடி மாடிக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும், தேடாமல் கஃபேக்குப் போனவர்களையும் தெரியும்.

50 வெள்ளி நோட்டில குரங்கு இருக்கே, அது யார் வரைஞ்சது? நிஜப் படம் எங்க பார்க்கலாம்?

சென் வென் ஸி என்ற ஓவியர் வரைந்த இரண்டு கிப்பன்கள், அதாவது வாலில்லாக் குரங்குகள். 1999இல் வந்த அந்த நோட்டின் பின்பக்கத்தில் சியோங் சூ பியெங்கின் கருவாடு காயவைக்கும் ஓவியமும் இருக்கிறது, கூடவே வீணையும் இருக்கிறது, பையிலிருந்து எடுத்துப் பாருங்கள். சென் பழைய சீன ஓவியத்தில் கிப்பனைப் பார்த்து மயங்கி, பிறகு தாமே வீட்டில் கிப்பன் வளர்த்து அதன் அசைவைக் கவனித்து வரைந்தவர். இன்று அப்படி வளர்த்தால் கைது செய்வார்கள். அவருடைய ஓவியங்களும் கருவாட்டு ஓவியமும் தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ளன, சுவரில் எது இருக்கும் என்பது சுற்றுமுறையைப் பொறுத்தது, வெளிச்சம் பற்றிய பதிலில் சொன்ன அதே காரணம்.

எங்க வீட்டில சைவம். பஞ்சு அடைச்ச புலி, பாட்டில்ல பாம்பு இதெல்லாம் கொன்னு வச்சதுதானே? பிள்ளைக்குக் காட்டலாமா?

பழையவற்றில் பல கொன்று சேர்த்தவைதான், மறைக்க ஒன்றுமில்லை. 1854இல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் இங்கே வந்து இரண்டே மாதத்தில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைப் பிடித்தார், பெரும்பாலும் புக்கித் தீமா பக்கம். அக்காலத்தில் இயற்கையை அறிவது என்றால் பிடித்துக் குத்தி வைப்பது. இப்போது பெரிய விலங்குகள் பெரும்பாலும் சாலையில் அடிபட்டோ, ஜூபி லீ மாதிரி மிதந்தோ கிடைப்பவை.

காட்டலாம் என்பது என் எண்ணம், ஆனால் அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளை திரும்பி நின்றால் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ‘இது ஏன் செத்துச்சு’ என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள்.

இதிலெல்லாம் நம்ம ஆளுங்க எங்க? வெள்ளைக்காரன், சீனர், மலாய்க்காரர்தான் வர்றாங்க.

இருக்கிறார்கள், ஓரத்தில். ஹைன்ரிஷ் லாய்ட்டமான் என்ற ஜெர்மானியர் 1865 வாக்கில் செய்த மரச்செதுக்கு அச்சுப்படம் ஒன்று தேசியத் தொகுப்பில் இருக்கிறது. 1835இல் அரசாங்கக் கட்டுமானப் பணிகளைக் கவனித்த ஜார்ஜ் கோல்மன் சாலைக்காகக் காட்டில் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது புலி பாய்ந்து அளவுக்கருவியைத் தள்ளிவிட்ட சம்பவம். எல்லாரும் புலியையும் கோல்மனையும் பார்ப்பார்கள். சுற்றிலும் விழுந்து புரளும் கூலிகளைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவந்த கைதிகள் அவர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் இதே கைதிகளின் உழைப்புதான்.

அந்தப் படம் தீவின் காட்டை ஐரோப்பியர் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம். எனக்கு அதைவிட, காட்டை வெட்டிப் பாதை போட்டவர்கள் யார் என்பதற்கான சாட்சி. படத்தில் ஒருவருக்கும் பெயர் இல்லை, ஃபார்குவாரின் ஓவியர்களைப் போலவே.

தமிழ்ல விளக்கம் இருக்குமா?

பெரும்பாலும் ஆங்கிலம்தான். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் தமிழ் பரவாயில்லை, மற்ற இடங்களில் எதிர்பார்க்காதீர்கள். தாத்தா பாட்டியை அழைத்துப் போனால் தாவர ஓவியக் கூடத்துக்கே போங்கள், பலகை படிக்காமலே பாதிச் செடிக்கு வைத்தியம் சொல்வார்கள். அங்கே ஒரு பாட்டி சொன்னதை எழுதி வைத்திருந்தால் தனிப் பக்கமே போட்டிருக்கலாம்.

ராபர்ட் ஜாவ்னு ஒருத்தர், விலங்கு ஆராய்ச்சி நிலையம்னு போட்டு படம் வச்சிருந்தார். கூகள்ல தேடினா சிலது பொய்னு தெரியுது. ஏமாத்தறாரா?

ராபர்ட் ஜாவ் ரென்ஹுய் சிங்கப்பூர்க் கலைஞர். அவர் பயன்படுத்தும் அந்த ‘நிலையம்’ அவரே உருவாக்கிய கற்பனை. 2013இல் வந்த அவருடைய படைப்பில் மனிதர் மாற்றியமைத்த உயிரினங்களை நிஜமும் புனைவும் கலந்து, அரும்பொருளகப் பலகை மாதிரியே எழுதி வைத்தார். நீங்கள் கூகள் செய்தீர்களே, அதுதான் அவருக்கு வேண்டும். ஃபார்குவார் படத்தின் கீழ் இருக்கும் பலகையை ஏன் சரிபார்க்கவில்லை என்று அடுத்து நீங்களே கேட்டுக்கொள்வீர்கள்.

சரி, ஆனா அவரோட காட்டு வீடியோவில ஒண்ணுமே நடக்கலையே! அதுவும் ஒரு பக்கம் காட்டைப் பத்தி கண்காட்சி, இன்னொரு பக்கம் சிங்கப்பூருக்கு மேற்கே தெங்கா காட்டை வெட்டி அடுக்குமாடி வீடு. இதுல என்ன அர்த்தம்?

முரண்தான், மழுப்ப முடியாது. அந்த வீட்டுக்கு விண்ணப்பித்தவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொல்லும் படைப்பு 2024இல் இத்தாலியில் நடக்கும் உலகக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேயின் சிங்கப்பூர் அரங்குக்குப் போய், 2025இல் தஞ்சோங் பகாருக்கு வந்தது. அவர் எடுத்துக்கொண்டது ஆதிக்காடு இல்லை. கில்மன் பேரக்ஸ் அருகே, ஒரு காலத்தில் ராணுவக் குடியிருப்பு இருந்த இடத்தைச் சுற்றி, வெட்டிய பிறகு தானாக முளைத்த காடு, அதில் வெளிநாட்டு மரங்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார். யாரோ போட்டுவிட்டுப் போன குப்பைத்தொட்டியில் மழைநீர் தேங்கி, அதில் பறவைகள் வந்து குடிக்கின்றன, குளிக்கின்றன. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுந்துவிட்டால் அது கண்ணில் படாது. இருபது நிமிடமாவது உட்காருங்கள். பிள்ளைகள் நெளிந்தால் ஒருவர் அவர்களை வெளியே அழைத்துப் போகட்டும், மற்றவர் பார்க்கட்டும், பிறகு ஆள் மாறிக்கொள்ளுங்கள்.